புள்ளி ஆறு எந்தத் தொகுதியில்

0.60 நொடி. சிவப்பு விளக்கு எரிந்ததும் 214ஆம் எண் ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொண்ட நேரம். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். பணிமனையின் தரவுப் பிரிவைத் தனியாளாகப் பார்க்கும் பெண்ணின் கணவர்.

அவளை எல்லோரும் 'டேபிள் அக்கா' என்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டுநர்களின் சோதனை முடிவுகள் ஒரே அட்டவணையாக அவளிடம் வந்தன. ஒரு பத்தியில் எண், அடுத்ததில் நொடி. அதை 'ஆர்' நிரல்மொழியில் மூன்று தொகுதியாகப் பிரிக்க வேண்டும். 0.45க்குக் கீழே ஓட்டலாம், 0.45 முதல் மறுசோதனை, 0.60 முதல் ஓட்டவே கூடாது. 'கட்' என்று ஒரே கட்டளை. வெட்டும் இடங்களைச் சொன்னால் போதும், ஒவ்வொரு நொடிக்கும் பக்கத்தில் தொகுதியின் பெயர் வந்து உட்கார்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டியலை அனுப்பினாள். 214க்கு நேரே 'மறுசோதனை' என்றிருந்தது. இன்னொரு வாய்ப்பு. நொடிப் பத்தியை அவள் பார்க்கவில்லை.

எல்லையில் நிற்கும் எண்களைக் கையால் சரிபார்ப்பது அவள் பழக்கம். அன்று அதை மதியம்தான் செய்தாள். 0.45 எடுத்த ஒன்பது பேரும் 'ஓட்டலாம்' தொகுதியில் இருந்தார்கள். நாம் வேறுமாதிரி சொல்லாவிட்டால், எல்லை எண்ணை அந்தக் கட்டளை கீழ்த் தொகுதியில்தான் போடும். எட்டு வருடமாக அவள் சொல்ல மறந்ததில்லை; அன்று மறந்திருந்தாள். 0.60இல் ஒரே ஒருவர்.

மேலாளர் தலையைச் சொறிந்தார். "லிஸ்ட் மேல போயிடுச்சேம்மா. எத்தனை பேரு மாறும்?"

"பத்து பேர் சார்."

"பத்தும் யாரு?"

"ஒன்பது பேரைத் தெரியாது. ஒருத்தர் எங்க வீட்டுக்காரர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும் கேக்கலையேம்மா."

"ரூல்ல 0.60 முதல்னு இருக்கு சார்."

கட்டளையில் விட்டுப்போனதைச் சேர்த்து ஓட்டினாள். பத்து வரிகள் இடம் மாறின. திருத்திய பட்டியலை மறுபடி மேலே அனுப்பினாள்.

வீட்டில் அவர் மறுநாள் வேலைக்கு ஷூ துடைத்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, நான் பாஸா?"

"காலைல மறுசோதனைன்னு வந்துச்சு. மதியம் மாறிடுச்சு. இனி ஓட்டக் கூடாதுங்க."

"உன் கம்ப்யூட்டர் என்ன, எங்க அக்கா மாதிரி வேளைக்கு ஒரு பேச்சு பேசுது?"

"அதுமேல தப்பில்ல. நான்தான் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்."

"மறந்தது மறந்ததாவே இருந்திருக்கலாம்ல?"

அவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். அவர் இன்னொரு ஷூவையும் துடைத்து முடித்து, ஜோடியாக வாசலில் வைத்தார்.

வியாழக்கிழமை முதல் அவர் பணிமனை வாசலில் உட்கார்ந்து, வண்டிகள் வெளியேறும் நேரத்தை எழுதுகிறார். மாலையில் அந்தத் தாள் தரவுப் பிரிவுக்குப் போகிறது.