கூட்டல் குறி போட்ட வரிகள்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஒயரம்மா. தோளில் எந்நேரமும் ஒரு சுருள் ஒயரோடு மாடிக்கும் கீழுக்குமாக நடப்பவளுக்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பதினொரு வருடமாக அங்குள்ள சர்வர்களைக் கட்டி மேய்த்தது அவள் ஒருத்திதான். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவள், டாக்டர் பாஸ்வேர்டை மறந்தாலும் அவள். கெட்டிக்காரி என்ற பெயர் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எக்ஸ்ரே படங்கள் இருந்த பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறும் வேலையில் உட்கார்ந்தாள். பழையதில் அவள் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று, வரிசையாகச் சில கட்டளைகள், தினமும் மதியம் ஒரு மணிக்குத் தானாக ஓடும். முதலில் அசல் படங்கள் இருக்கும் இடத்துக்குப் போய், அன்றைய படங்களை இரண்டாவது டிஸ்கில் நகலெடுக்கும். பிறகு அந்த டிஸ்குக்குப் போய், முப்பது நாளைத் தாண்டிய நகல்களை அழிக்கும். அவ்வளவுதான்.

புதிய சர்வரில் போன வருடத்து மாதிரிப் படங்கள் நாற்பதைப் போட்டு அதை ஓட்டிப் பார்த்தாள். முதல் தடவையே நாற்பதும் காணாமல் போயின.

ஸ்கிரிப்டின் தலையில் 'செட் மைனஸ் எக்ஸ்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, படங்களைத் திரும்பப் போட்டு மறுபடி ஓட்டினாள். அப்படிச் செய்தால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால், ஒரு கூட்டல் குறி போட்டுத் திரையில் காட்டிவிடும். நாம் என்ன நினைத்து எழுதினோம் என்பதல்ல, உண்மையில் எது ஓடுகிறது என்பது தெரியும்.

கூட்டல் குறி: இரண்டாவது டிஸ்குக்குப் போ. அடுத்த வரி: அப்படி ஓர் இடம் இல்லை. டிஸ்கை அவள் இன்னும் மாட்டவே இல்லை. ஷெல் நிற்கவில்லை. அசல் படங்களின் நடுவில் நின்றபடியே அடுத்த கூட்டல் குறியைப் போட்டது: இங்கே இருப்பதில் முப்பது நாளைத் தாண்டியதை எல்லாம் அழி.

அந்தக் கடைசி வரியை அவள் இன்னொரு முறை படித்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம், கடைசி ஒரு மாதத்துப் படங்களைத் தவிர, நாலு வருட எக்ஸ்ரே படங்கள் மொத்தமாகப் போயிருந்தன. வேறிடத்தில் இருந்த பழைய பேக்கப்பிலிருந்து பாதிதான் மீண்டது. அந்த நேரத்தில் கணினியில் இருந்தது எக்ஸ்ரே எடுக்கும் பெரியக்கா மட்டும்தான். "கை தவறி அழித்திருக்கக்கூடும்" என்று அறிக்கை எழுதியது ஒயரம்மா. அதை எல்லோரும் கூடிய கூட்டத்தில் வாசித்தார்கள். பெரியக்காவை வாசலில் சீட்டு எழுதும் மேஜைக்கு மாற்றினார்கள். அதே நாள் காலையில் தூசி தட்டுவதற்காக இரண்டாவது டிஸ்கைக் கழற்றி வைத்ததும் ஒயரம்மாதான். மாலையில் மாட்டிவிட்டு ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டினாள், சரியாக ஓடியது. மனதில் ஏதோ நெருடத்தான் செய்தது. டிஸ்க் இல்லாமல், மாதிரிப் படங்களோடு, இந்த ஒரு வரியைச் சேர்த்து அன்றைக்கே ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவள் எழுதியதில் தப்பு இருக்குமா என்ன?

திரையில் வந்ததை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வரிசை குறையும்வரை தூணோரம் நின்றாள்.

"என்ன ஒயரம்மா, பிரிண்டரா? நல்லாத்தான் ஓடுது."

"அக்கா, அந்தப் படமெல்லாம் போச்சே... அது நீங்க பண்ணது இல்லக்கா. நான் எழுதுன ஸ்கிரிப்ட். இதுல இருக்கு, பாருங்க."

பெரியக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள். ஒயரம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நான்தான் எதையோ அழுத்திட்டேன்னு நினைச்சேன்," என்றாள் பெரியக்கா. "எதை அழுத்தினேன்னு மூணு வருஷமா யோசிக்கிறேன். மொதல்ல நான் இல்லன்னுதான் சொன்னேன். நீ எழுதிட்டியே... நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நானே ஒத்துக்கிட்டேன். இப்பல்லாம் வீட்ல போன்ல ஒரு படத்தை அழிக்கணும்னாகூட மகளைத்தான் கூப்பிடுறேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதெல்லாம் அப்புறம். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் வாசிச்சாங்க இல்ல? இதையும் அங்கயே வாசிக்கணும்."

கண்காணிப்பாளருக்கு அதில் விருப்பமில்லை. "ஆறிப்போனதை ஏன் மேடம் கிளறுறீங்க? அவங்களைச் சத்தமில்லாம பழைய இடத்துக்கே மாத்திடலாம்."

"இல்ல சார். நானே வாசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவள் வாசித்தாள். டிஸ்கைக் கழற்றியது யார், ஸ்கிரிப்ட் எழுதியது யார், சோதித்துப் பார்க்காமல் அறிக்கை எழுதியது யார் என்று மூன்று இடத்திலும் "நான்" என்றே எழுதியிருந்தாள். முடித்ததும் யாரோ கைதட்டினார்கள். வெளியே வரும்போது மருந்தக ஆள், "தைரியம்தாம்மா உனக்கு, வேற யாரா இருந்தாலும் அமுக்கியிருப்பாங்க," என்றார். அவளுக்குக் கூசிப் போயிற்று. பின்வரிசையில் பெரியக்கா தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

அடுத்த வாரமே பெரியக்கா எக்ஸ்ரே அறைக்குத் திரும்பினாள். படம் எடுப்பதில் கை பழையபடியே இருந்தது. ஆனால் நோயாளி அசைந்து ஒரு படம் கலங்கிப் போனால், அதை அழிப்பதற்கு முன் மாடிக்குப் போன் வரும்.

"ஒயரம்மா, இத அழிக்கலாமா?"

"நீங்களே அழிங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

"நீ ஒருவாட்டி வந்து பாத்துடேன்."

பதினெட்டுப் படி. ஒரு நாளைக்கு நாலு தடவை, சில நாள் ஆறு தடவை. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அவள் இறங்கிப் போகிறாள்.