ராசம்மா அக்கா ஏற்றுக்கொண்ட தவறு

சென்ற வெள்ளிக்கிழமை கோர்ட்டு வராந்தாவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னை நிறுத்தி, "ராசம்மா அக்கா போயிட்டாங்க, தெரியுமா?" என்றார். கையில் இருந்த வழக்குக் கோப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மலாக்கா சமூகநல அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தண்டனை சொல்லும் முன் குற்றவாளியின் வீடு, வேலை, குணம் எல்லாம் விசாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தருவது அவர் பணி. ஓர் அறிக்கைக்குப் பத்து நாள் அலைவார். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. எல்லாச் செலவுக்கும் மேலிடம் காரணம் கேட்ட காலம். "ஒரு சைக்கிள் திருடனுக்கு இத்தன செலவா? அந்தச் சைக்கிளே இந்த வெல போகாதும்மா" என்று பயணச் செலவுக்கு அனுமதி கேட்டபோது தலைமை அதிகாரி ஒருமுறை சீறினார். அக்கா அசரவில்லை. "ஜெயில்ல போட்டாலும் அரசாங்கச் சோறுதான் சார். அதுக்கு யாரும் பில்லு கேக்கலியே" என்றார்.

அந்தச் சைக்கிள் திருடன் மலாக்காவின் காஜா பேராங் பகுதியைச் சேர்ந்த கந்தன் பிள்ளை, பத்தொன்பது வயது. விசாரணை தொடங்கியதுமே அக்கா காய்ச்சலில் படுத்துவிட, அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணியான என்னை அனுப்பினார்கள். நான் ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாசலில் மாவிலை, அவன் நெற்றியில் திருநீறு. தமிழில் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான், வாயே திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் பஸ் ஏறிவிட்டேன். "வருத்தமில்லை, திருந்தும் அறிகுறி இல்லை" என்று அக்காவின் பெயரிலேயே டைப் அடித்துக் கொடுத்தேன். செலவு மிச்சம் என்று தலைமை அதிகாரி முதுகில் தட்டினார்.

வழக்குக்கு முதல் நாள் காலை வேலைக்குத் திரும்பிய அக்கா அதைப் படித்தார்.

"எந்த பாஷையில கேட்ட?"

"தமிழ்லதாங்க்கா."

"அட பாவி! அவங்க மலாக்கா செட்டிங்கடா. சாமி நம்ம சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. புரியாத கேள்விக்கு அவன் என்னத்தச் சொல்லுவான்?"

இன்னொரு பயணத்துக்கு அனுமதி இல்லை என்றார் அதிகாரி. அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சொந்தக் காசில் கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மலாயில் கேட்டதும் அவன் அழுதுகொண்டே பேச ஆரம்பித்தான். மன்னிப்புக் கேட்கச் சைக்கிளின் சொந்தக்காரரிடம் இரண்டு முறை போயிருக்கிறான். நேரே ஜாலான் பெண்டஹாரா தெருவில் அவருடைய துணிக்கடைக்குப் போனோம். "வந்தான்மா, நான்தான் வெரட்டி விட்டேன்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் கோர்ட்டில் அக்கா புது அறிக்கையை நீட்டினார். முன்னது யார் தவறு என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "என் தவறு" என்றார் அக்கா. கந்தன் பிள்ளை சிறைக்குப் போகாமல், நன்னடத்தைக் கண்காணிப்பில் வீடு திரும்பினான். அக்காவின் கோப்பில் கண்டனக் குறிப்பு ஏறியது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒனக்கு வேல போச்சுன்னா செஞ்ச தப்ப எப்படிடா திருத்துவ?" என்றார்.

இன்று அறிக்கை எழுதுவது நான். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இன்னொரு தடவை போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தப் பிடிவாதம் அவர் தந்தது, அதை விடமாட்டேன். ஆனால் அந்த வழக்கில் அக்கா சறுக்கினார் என்று உங்களில் பலர் இன்றும் சொல்கிறீர்கள். சறுக்கியவன் நான். அவர் இருந்தபோதே இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.