ஓசி ரப்பீஸ்

எங்கள் வாழைத்தோட்டத்தை ஒட்டிப் பள்ளமாகக் கிடந்த மனையை ஒரு மளிகைக்கடைக்காரர் வாங்கினார். வீடு கட்டுவதற்கு முன்னால் அதை மேடாக்க வேண்டும். மண்ணுக்குக் காசு கொடுக்க அவருக்கு மனசு வருமா? 'இங்கு ரப்பீஸ் கொட்டலாம்' என்று ஒரு தகரத்தில் எழுதி, போன் நம்பரோடு வேப்பமரத்தில் கட்டிவிட்டார். இடித்த கட்டடத்தின் செங்கல், காரை, கான்கிரீட்டைத்தான் எங்கள் பக்கம் ரப்பீஸ் என்போம். உத்தமபாளையத்தில் பாதி வீடுகள் அதன்மேல்தான் நிற்கின்றன. அதில் தப்பில்லை.

ஆனால் வந்தது மதுரை லாரி. வாழைத்தார் ஏற்ற வரும் வண்டிகள் வரும்போது காலியாகத்தான் வரும். சும்மா வருவானேன் என்று அந்த டிரைவர், அங்கே இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரியின் ரப்பீஸை ஏற்றி வந்துவிட்டான். கூட வந்த ஆட்கள் மண்வெட்டியால் அதைத் தள்ளினார்கள். பிறகு விளக்குமாற்றால் ஒரு தட்டு தட்டிவிட்டு, வாழைச்சருகைப் பரப்பி, அதே லாரியில் தார் ஏற்றப் போய்விட்டார்கள். ஊர் சனம் தின்னப்போகும் பழம். த்தூ!

வேலியோரம் போய்ப் பார்த்தேன். மேலாகத்தான் செங்கல். அடியில் நொறுங்கிய ஆஸ்பெஸ்டாஸ், உடைந்த டியூப்லைட், மருந்து பாட்டில், ஊசி, ரத்தம் காய்ந்த பஞ்சு. ஒரு கேனிலிருந்து மஞ்சளாக என்னவோ கசிந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறு. நாங்கள் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

நேரே அவர் கடைக்கே போனேன்.

"அண்ணே, ஊசியும் மருந்துமாக் கெடக்கு. மழை பெஞ்சா எங்க கிணத்துலதான் எறங்கும். அள்ளச் சொல்லுங்க."

"ரப்பீஸுன்னா நாலும் கெடக்கத்தான் செய்யும், தாயி. ஓசியில வர்றதுல கல்லு பொறுக்க முடியுமா?" என்றார், துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே.

பஞ்சாயத்து ஆபீஸில் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். பார்க்கவும் செய்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டில் நின்றபடியே. அவர்கள் வந்துபோனதும் மனைக்காரர் அத்தனையையும் செம்மண் போட்டு மூடிவிட்டார். இதற்கு மட்டும் மண் கிடைத்தது. பார்க்க என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது.

அப்புறம் மழை பிடித்தது. தினமும் தண்ணீரை நாக்கில் வைத்து வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தெரியாததுதான் பயம். தினமும் கேன் தண்ணீர் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகுமா? அதையேதான் குடித்தோம்.

பூமி பூஜையன்று காலையில் அவரே பித்தளைக் குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பூஜைக்கு ஒரு கொடம் தண்ணி வேணும், தாயி. கேன் தண்ணி ஆகாதுன்னு அய்யரு சொல்லிட்டாக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறைத்துக் குடத்தை நிரப்பினேன். மிச்சத்தை ஒரு சொம்பில் ஊற்றி நீட்டினேன்.

"வெயில்ல வந்திருக்கீக. ஒரு மடக்குக் குடிங்கண்ணே."

சொம்பை வாங்கினார். தண்ணீரைப் பார்த்தார். வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். சொம்பை மெல்லத் துவைகல்லில் வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

"எனக்கு வேணாம், தாயி. சாமிக்கு மட்டும் போதும்."

உள்ளே அடுப்பில் அதே தண்ணீரில் எங்கள் உலை கொதித்துக்கொண்டிருந்தது.