செல்ஃப் எடுக்காத வாட்டர் ஸ்கூட்டரும் டெஸ்டர்காரியும்

டெஸ்டர்காரி என்று ஊரே கூப்பிடுகிறவள் எனக்கு மகள் முறை. என் சித்தப்பாவின் இரண்டாவது மகனுக்கு மூன்றாவதாகப் பிறந்தவள். மூத்தவள் அம்மா ஜாடை. நடுவில் பிறந்த பையன் யார் ஜாடையும் இல்லை. இவள் மட்டும் என் சித்தப்பாவை உரித்து வைத்தாற்போல் இருப்பாள். அதே முன்பல், அதே பிடிவாதம். ஒன்பது வயதில் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் போட்டு அம்மாவிடம் நாலு வாங்கினாள். சாயங்காலத்துக்குள் பெட்டி சூடாகிவிட்டது. அதை அப்படியே திரும்ப மாட்டினேன், வாங்கிய அடியைத்தான் திரும்பக் கொடுக்க முடியவில்லை என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இருபத்து மூன்று வயதில் அவளைக் கட்டிக்கொடுத்த வீடு, ஏரிப் படகுத்துறையின் பெரிய மெக்கானிக் வீடு. மாமனார் முப்பத்தொரு வருஷம் படகு இன்ஜின்களோடு குடித்தனம் நடத்தியவர். மருமகள் தையல் ஆலையில் எலக்ட்ரீஷியன், கரண்ட் பார்க்கும் டெஸ்டர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள், பெயர் வந்ததே அதனால்தான். ஒரு வீட்டில் இரண்டு ரிப்பேர்காரர்கள் இருந்தால் என்ன ஆகும்? மிக்சி நின்றால் திருப்புளியை யார் முதலில் எடுப்பது என்று போட்டி நடக்கும். மாமியார் இரண்டு பேரையும் நம்பாமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

பன்னிரண்டு வருஷம் ஓடிய பிறகு ஆலையைப் பூட்டிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த எட்டு மாதத்தில் வீட்டிலிருந்த சுவிட்சு ஒவ்வொன்றையும் இரண்டு முறை மாற்றிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில்தான் மாமனார் ஓய்வு பெறும் மாதம் வந்தது. அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் நேரே போய்க் கேட்டாள்.

நான் அப்போது படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். என் ஜன்னலுக்கு எதிரேதான் பேச்சு நடந்தது.

"தையல் மெஷினும் படகும் ஒண்ணாம்மா?" என்றார் மேனேஜர்.

"கரண்டுக்கு அதெல்லாம் தெரியாது சார்."

மேனேஜர், கொட்டகையில் மேடைமேல் ஏற்றி வைத்திருந்த இரண்டு மோட்டார் படகுகளைத் தாண்டி மூலையைக் காட்டினார். அங்கே பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று மூன்று வாரமாகத் தள்ளுவண்டியிலேயே கிடந்தது. தண்ணீரில் யாராவது தத்தளித்தால் ஓடிப்போய்த் தூக்க இருந்த ஒரே வண்டி அதுதான். பெரிய மெக்கானிக் புது பேட்டரி போட்டார், ரிலே மாற்றினார், ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றினார். வண்டி அசையவில்லை. மேனேஜர் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அந்த ஆளுக்கும் இந்த வேலை மேல் ஒரு கண். பார்த்துவிட்டு, உள்ளே இன்ஜினை நடத்துகிற மின்பெட்டி போயிற்று, பழைய இரும்புக்கடைக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள்ள அதை ஓட வை. ஓடினா வேலை உனக்கு. இல்லேன்னா வண்டி இரும்புக்கடைக்கு, வேலை அந்த ஆளுக்கு."

மாமனார் பக்கத்திலேயே நின்றார். மேனேஜர் உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்: "என் மானம்தான் போச்சு. உன்னோடதும் சேர்ந்து போகணுமா?"

"ஒரே வீட்டு மானம்தானே மாமா, சேர்ந்தே போகட்டும்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தாள். தோளில் பை, கையில் மீட்டர். வண்டியின் இருக்கையைத் தூக்கி வைத்து, உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் வாடை போகட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு, ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை அதன் இடத்தில் மாட்டி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாள். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"செல்ஃப் எடுக்காது. சில நாள் அரைச் சுத்து சுத்தும், நிக்கும்" என்றார் மாமனார்.

"கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு மாமா?"

"சீசனுக்கு முன்னாடி. அப்புறம் வழக்கம்போலக் கழுவி, பெயிண்ட் அடிச்சு வெச்சேன்."

அந்தப் படகுத்துறையின் வழக்கம் அது. சீசன் வருகிறது என்றால் படகு, துடுப்பு, பெஞ்சு எல்லாவற்றுக்கும் பெயிண்ட். பெரிய மெக்கானிக் அதில் ஒரு படி மேலே. இன்ஜினையும் விடமாட்டார். கல்யாணப் பெண் மாதிரி இருக்க வேண்டும் என்பார்.

டெஸ்டர்காரி இன்ஜினைக் குனிந்து பார்த்தாள். மீட்டரை பேட்டரியில் வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட், குறை சொல்ல இடமில்லை. பிறகு ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், இன்னொரு முனையை இன்ஜினில் பெயிண்ட் படாத ஒரு போல்ட் தலையிலும் வைத்தாள்.

"மாமா, இப்ப பொத்தானை அழுத்துங்க."

டொக்.

"ஆறு வோல்ட்" என்றாள்.

"ஆறா? பேட்டரி புதுசும்மா!"

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல மீட்டர் ஒண்ணுமே காட்டக் கூடாது. ஆறு காட்டுதுன்னா பாதி கரண்ட் வழியிலேயே உக்காந்துடுச்சு. மோட்டாருக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

பேட்டரி மைனஸிலிருந்து வரும் எர்த் ஒயரை இன்ஜினோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றினாள். அடியில் நீல பெயிண்ட் பளபளவென்று மின்னியது. பெயிண்டைக் காயவிட்டு, அதன் மேலேயே ஒயரை வைத்து முறுக்கியிருந்தார் மனுஷர். மாமனார் அதைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், கடைசியில் கூரையைப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

உப்புத்தாளை எடுத்து இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தாள். ஒயரின் முனையையும் தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினாள். பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் கடகடவென்று சுற்றியது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் சுற்றியதே தவிரப் பற்றவில்லை. மணி பத்தே முக்கால். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே வந்தார். கூடவே அந்த வெளி ஆளும்.

"நான்தான் சொன்னேனே, மின்பெட்டி" என்றான் அவன்.

அவள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினாள். இரண்டும் பெட்ரோலில் குளித்திருந்தன.

"மாமா, உள்ள பெட்ரோல் ஊத்துனீங்களா?"

"தினம் ஒரு மூடிதான்" என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

"மூணு வாரம், தினம் ஒரு மூடி! மூச்சு முட்டிப் போயிருக்கு அதுக்கு."

தீப்பொறி எங்கும் பறக்காதபடி பிளக் ஒயர்களை அவற்றுக்கான எர்த் முனைகளில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு துளைகளிலிருந்தும் பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. வெளி ஆளின் சட்டை நனைந்தது. சிந்தியதைத் துடைத்தாள், வாடை போகும்வரை விசிறினாள், புது பிளக்குகளை மாட்டினாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளுவண்டியைத் தள்ளி வண்டியைத் தண்ணீரில் இறக்கினோம். புடவையை இழுத்துச் செருகி, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. முதல் அழுத்தலில் ஒரு இருமல். இரண்டாவதில் நீலப் புகை. மூன்றாவதில் ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு உறுமல்! படகுக்காகக் காத்திருந்த கூட்டம் எழுந்து நின்றது. அவள் ஏரியை ஒரு வட்டம் அடித்துத் திரும்பினாள். திரும்பும்போது வேண்டுமென்றே கரையை ஒட்டி வளைத்தாள். மேனேஜருக்கு முழங்கால்வரை நனைந்தது.

பெரிய மெக்கானிக் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெயிண்ட் அடிச்சுக் கெடுத்தது நான். கண்டுபிடிச்சது என் மருமக."

மேனேஜர் பேண்டைப் பிழிந்துகொண்டே, "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடும்மா" என்றார்.

"நாளைக்கு எதுக்கு சார், இன்னைக்கே வந்தாச்சே! அந்த ரெண்டு மோட்டார் படகையும் இறக்கச் சொல்லுங்க. அதுலயும் மாமா பெயிண்ட் அடிச்சிருப்பாரு."