மூன்றாம் நம்பரில் வந்த சத்தம்

எங்கள் வீட்டு ஃபேன் சத்தம் போடுகிறது என்பதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கண்டுபிடித்திருக்கவும் முடியாது. இருபது வருடமாகச் சாமைக்கு உமி நீக்கும் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறவன் நான். பக்கத்தில் லாரி கவிழ்ந்தால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று என் காதுக்குத் தெரியும். கண்டுபிடித்தவள் என் பேத்தி. அப்போது அவளுக்கு வயது முப்பத்தைந்து நாள்.

ஜவ்வாது மலையில் ஃபேன் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் எங்கள் ஃபேனில் சிலந்திதான் குடியிருக்கும். ஆனால் நான் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டு வீடு கட்டிய அறிவாளி. சித்திரை மாதம் மத்தியானத்தில் அந்தத் தளத்தின்மேல் தோசை வார்க்கலாம். கீழே இருக்கிறவர்கள்தான் வெந்துபோவார்கள்.

அந்தச் சித்திரையில்தான் மகள் பிரசவம் முடிந்து குழந்தையோடு வந்தாள். வழக்கப்படி மூன்று மாதம் தாய்வீட்டில் இருக்க வேண்டும். அவளுக்கு இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவதாக வந்த உசுரு இது. நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, அந்த மூன்று மாதத்துக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தேன்.

வந்த அன்றைக்கே ஃபேனைப் போட்டோம். ஒன்றாம் நம்பரில் ஓடுவதே தெரியவில்லை, காற்றும் தெரியவில்லை. மூன்றில் வைத்தால் டக்டக்கென்று அடித்தது. ஒவ்வொரு டக்குக்கும் குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு அலறியது. நிறுத்தினால் வேர்த்து அழுதது. மகள் நான்கு நாள் தூங்கவில்லை. மலைக்குக் கீழே செங்கத்திலிருந்து சம்பந்தியம்மா தினம் மூன்று வேளை போன் செய்வார். அழுகைச் சத்தம் அவருக்கு வந்து சேர்ந்தது. மலைமேல் சிக்னல் சரியாகக் கிடைத்த ஒரே விஷயம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறோம், பிள்ளையை இங்கேயே கொண்டுவந்து பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வியாழக்கிழமை.

எனக்குக் கோபம் வந்தது. நெல்லிவாசல்நாட்டிலிருந்துகூட மூட்டை கட்டிக்கொண்டு என் மெஷினைத் தேடி வருகிறார்கள். என் வீட்டு ஃபேன் என் பேச்சைக் கேட்காதா?

வியாழக்கிழமை கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். றெக்கைகளின் ஸ்குரூ ஒவ்வொன்றையும் முறுக்கினேன். ஒன்றுகூட லூசாக இல்லை. இருந்தாலும் இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன், அதற்கும் ஒரு பயம் இருக்கட்டும் என்று. இறங்கிப் போட்டால் அதே டக்டக். றெக்கை ஏதாவது வளைந்திருக்கும் என்று ஒரு ஈர்க்குச்சியைப் பிடித்துக்கொண்டு கையால் சுற்றி அளந்தேன். மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தன. மேலே தளத்தில் எறும்பு சாரை சாரையாக ஃபேனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எறும்புக்கு ஃபேனில் என்ன வேலை என்று ஒரு நொடி யோசித்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். நான் எறும்புச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை, பேரிங் காய்ந்துபோயிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். எங்கள் பக்கம் எது கிறீச்சிட்டாலும் இலுப்பை எண்ணெய்தான். கதவு, ஏற்றத்து உருளை, வண்டி அச்சு எல்லாம் அதைக் குடித்துத்தான் வாழ்ந்தன. ஒரு கரண்டி நிறைய எடுத்து ராடு வழியாகச் சாய்த்துவிட்டு ஐந்தாம் நம்பரில் வைத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. நான்கு சுவரிலும் எண்ணெய்க் கோடு, என் சட்டையில் எண்ணெய், அலமாரிமேல் மடித்து வைத்திருந்த குழந்தைத் துணியில் எண்ணெய். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

என் மனைவி அந்த இரண்டு நாளும் நடந்துகொண்ட விதத்தை அப்போதே கவனித்திருக்க வேண்டும். வழக்கமாக நான் ஸ்பேனரை எடுத்தால் அவள் வாயை எடுப்பாள். மெஷினுக்கு வைத்தியம் பார்த்து ஊரையே செவிடாக்கியது போதாதா என்பாள். இந்தத் தடவை அமைதியாக ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போதும், இறங்கு, மேலே கையை வைக்காதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கீழே விழுந்துவிடுவேன் என்ற அக்கறை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இப்படியெல்லாம் ஏமாறுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை காலை, ஃபேனையே கழற்றி இறக்குவது என்று முடிவெடுத்தேன். அவள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. ஃபேனைக் கொக்கியிலிருந்து எடுக்க வேண்டுமானால், தளத்தை ஒட்டிக் கொக்கியை மூடியிருக்கும் கப்பைக் கீழே இறக்க வேண்டும். அதை நான் அதுவரை தொட்டதே இல்லை. அது அழகுக்கு வைத்த சாமான், அது எதற்குச் சத்தம் போடப்போகிறது என்று இருந்துவிட்டேன். கையை வைத்ததும் அது ஆடியது. ஸ்குரூ பாதிதான் ஏறியிருந்தது. தளத்துக்கும் கப்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. கப்பைக் கீழே இழுத்தேன். ஒரு பிடி சாமைக்கதிர் என் முகத்தில் கொட்டியது. கூடவே இரண்டு நாளாக நான் கோடு போட்டுத் தடுத்த எறும்பு முழுவதும் கொட்டியது.

மஞ்சள் கயிற்றால் கொக்கியில் கட்டிய கதிர். முதல் அறுப்பில் ஒரு பிடியை வீட்டு விட்டத்தில் சாமிக்கென்று கட்டி, அடுத்த அறுப்பு வரை வைத்திருப்பது எங்கள் வழக்கம். புது வீட்டில் விட்டம் இல்லை. தளம் போட்ட வீட்டில் சாமைத் தட்டையைத் தொங்கவிட்டால் பார்க்கிறவன் சிரிப்பான், சாமியை வேண்டுமானால் களத்திலேயே இருக்கச் சொல் என்று நானும் பெரிய பேச்சு பேசியிருந்தேன். வீட்டில் மேலே நீட்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு கொக்கிதான். கார்த்திகையில் நான் மெஷினில் இருந்த நேரம் பார்த்து, அவள் இதே கட்டில்மேல் இதே ஸ்டூலைப் போட்டு ஏறியிருக்கிறாள். கத்தி முனையால் ஸ்குரூவைத் திருகிக் கப்பை இறக்கி, கதிரைக் கட்டி, என் கண்ணில் படாமல் மறுபடி கப்பால் மூடியிருக்கிறாள். கதிரும் தட்டையும் அடைத்துக்கொண்டதால் கப்பு சரியாக உட்காரவில்லை. மூன்றாம் நம்பரில் ஃபேன் அதிரும்போது அது கிடந்து அடித்துக்கொண்டது.

முகத்திலிருந்த எறும்பைத் தட்டிக்கொண்டே, இது என்ன வேலை என்று கத்தினேன். அவள் ஸ்டூலை விடவே இல்லை.

"அப்ப அவளுக்கு அஞ்சாம் மாசம். போன ரெண்டும் அஞ்சுலதான போச்சி. இதாவது தங்கணும்னு கட்னேன். உன்கிட்ட சொன்னா சிரிப்ப."

சிரித்திருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. அதை நினைத்ததும் எனக்குக் கேவலமாக இருந்தது. கதிரை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை முறத்தில் வைத்து மஞ்சள் தெளித்து மூலையில் வைத்தாள். நான் கப்பைத் துடைத்துத் தளத்தோடு ஒட்டி வைத்து, ஸ்குரூவை இறுக்கினேன். ஐந்தாம் நம்பரிலும் சத்தம் இல்லை. குழந்தை அன்று மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கியது. மகள் அதன் பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி கார் வந்தது. சம்பந்தியம்மா ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்து ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். ஒரு டக்காவது வராதா என்று அவருக்கு இருந்தது. வரவில்லை. ஃபேன் நல்லாத்தான் ஓடுது என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். ராத்திரியில் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, அடிக்கடி கரண்டு போகிறதே, கொசு வேறு கடிக்கிறதே. சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். அதைக் கழற்றி மாட்ட என்னிடம் ஸ்குரூ டிரைவர் இல்லை. மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டு குழந்தைத் துணியைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சம்பந்தியம்மாவின் கண் மூலையில் இருந்த முறத்தில் பட்டது. அது இன்னாங்க என்று கேட்டார். என் மனைவி அவசரமாக முந்தானையால் அதை மறைக்கப் போனாள். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, வாய் தானாகப் பேசியது.

"எங்க வூட்டு சாமிங்க. நேத்துதான் எறக்குனோம். சாமிய எறக்குன வூட்லேர்ந்து பச்சப்புள்ளய மூணு மாசம் மல எறக்கக் கூடாதுங்க."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. சம்பந்தியம்மா எழுந்து போய் முறத்தின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சம்பந்தி, சாமி விஷயத்தில் நாம விளையாட முடியுமா என்றார். பையில் அடுக்கிய துணியை அவரே வெளியே எடுத்து வைத்தார். சாப்பிட்டுவிட்டு, இரண்டு பலாப்பழத்தோடு கிளம்பிப் போனார்கள்.

கார் போனதும் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்டி ஒரு மொற நம்ம சாமிக்கு இருக்குதா?"

"இன்னிலேர்ந்து இருக்குது."

அவள் உள்ளே போய்ச் சிரித்தது என் காதுக்கே கேட்டது.

அந்த மூன்று மாதத்தில் குழந்தை குப்புறக் கவிழக் கற்றுக்கொண்டது. என் சட்டையைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொண்டது. மெஷினிலிருந்து உமித் தூசியோடு வரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்தது. சரியாக மூன்று மாதம் முடிந்த மறுநாள் காலை வாசலில் கார் நின்றது. சாமி கணக்கில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை பாருங்க என்று சம்பந்தியம்மா பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். கார் வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. ஆறு மாதம் என்று சொல்லியிருந்தாலும் அந்தம்மா நம்பியிருப்பார். பாழாய்ப்போன என் வாயில் மூன்றுதான் வந்தது.