இடது கார்னர்

ஆலையின் பெண்கள் கபடி அணியில் மூன்று வருஷம் சம்பளத்துக்கு ஆடினேன். நான் திருநங்கை. சேர்த்துக்கொள்ளும்போதே எல்லோருக்கும் தெரியும். கோப்பை வந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. என் இடம் இடது கார்னர். பக்கத்தில் நிற்பவள் பொம்மிடிக்காரி. எதிரணிக்காரி பாடி வரும்போது இருவரும் கை கோத்து நிற்போம். நான் முன்பே நீட்டியிருந்தாலும், "கை குடுங்க்கா" என்பாள். காய்ப்பு ஏறிய சொரசொரப்பான கை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் இன்றும் அந்தக் கைக்கு ஏங்குகிறேன்.

பயிற்சிக் கூடத்தில் நாங்கள் ஆடும் மேட், அந்த விரிப்பு, இரண்டாக விலகிக் கிடந்தது. பாதுகாப்பு நோட்டில் மூன்று முறை எழுதினேன். எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் நான் ஒருத்தியை மடக்கிப் பிடித்தபோது, அவள் கால் அந்தச் சந்தில் மாட்டி முறிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடியதும் நான்தான்.

மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டார். "வேலை செய்யற எடத்துல ஆபத்து இருக்கக்கூடாதுன்னு சட்டமே சொல்லுதுங்க. மத்த பொண்ணுங்க பாதுகாப்பையும் பாக்கணுமில்ல? நீங்க இனிமே ஆபீஸ்ல உக்காருங்க. அதே சம்பளம்."

அடப்பாவிகளா! விரிப்பை விட்டுவிட்டு என்னை எடுத்துவிட்டார்கள். "அந்தச் சந்துல நான் வுழுந்திருந்தா யாரைங்க டீமை விட்டுத் தூக்கியிருப்பீங்க?" என்று கத்தினேன். அவர் ஆபீஸ் உத்தரவை என் பக்கம் தள்ளினார். கால் முறிந்தவள்கூட, 'அக்கா மேல தப்பில்லீங்க, மேட்தான் விலகிக் கெடந்துச்சு' என்று எழுதிக் கொடுத்தாள். ஃபைலில் போட்டு மூடினார்கள்.

ஆபீஸ் நாற்காலி வேண்டாமென்று, தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டு அரூர் வீட்டுக்கே வந்துவிட்டேன். அணிக்காரிகளின் ஃபோனை எடுப்பதில்லை. பின்னால் ஆட்டச் சத்தம் கேட்டால் தாங்க மாட்டேன்.

ஆறு மாசம் கழித்து, என் புகாரை விசாரிக்கத் தர்மபுரி தொழிலாளர் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். போனால், நான் கூப்பிடாமலே பொம்மிடிக்காரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏம்மா, அதே சம்பளம், ஃபேனுக்குக் கீழ வேலை. இன்னும் என்னதான் வேணும்?" என்றார் அதிகாரி.

"ஆடணுங்க."

"வேற ஏதாச்சும் சொல்லும்மா, எழுதிக்கறேன்."

"வேற ஒண்ணும் வேண்டாங்க."

 பெஞ்சில் பொம்மிடிக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"கை குடுங்க்கா" என்றாள்.

கொடுத்தேன். அவள் கையில் காய்ப்பே இல்லை. மெத்தென்றிருந்தது.

"ஏன்டி, நீ ஆடறதில்லையா?"

"ஃபோன எடுத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். மேட்ட சரிபண்ணி உங்களையும் எறக்குற வரைக்கும் ஆட மாட்டோம்னு, நாங்க யாருமே எறங்கலக்கா."