இடப்பக்கச் சிலுவையில் மாமா

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், கோயில் வளவுப் பூவரசில் கட்டிய ஸ்பீக்கர் “அலோ, அலோ” என்று தொண்டையைச் செருமத் தொடங்கினால் போதும், எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி வேலை வாங்குகிற ரீச்சர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடுகிறாளே என்று என் கணவர் ஒவ்வொரு வருடமும் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் வேற்றூர்க்காரர். அந்த ஸ்பீக்கரில் நான் ஒருமுறை கேட்டதை அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு முன்னால் ஓடியிருப்பார்.

எங்கள் கரையில் ஆண்டவருடைய பாடுகளின் நாடகம் வெயிலோடு தொடங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் சிலுவைக்கு வந்து சேரும். கடல் பின்னால் தெரிய மூன்று சிலுவைகளை மணலில் நட்டிருப்பார்கள். வசனம் எழுதுவதும் ஆட்களைப் பழக்குவதும் அண்ணாவியார். வாயைத் திறந்தால் தூஷணம் தவிர வேறொன்றும் வராத ஆட்கள்கூட அவருடைய கையில் அகப்பட்டால் தவக்காலம் முழுவதும் செந்தமிழ் பேசுவார்கள். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வருடம் யெருசலேம் பெண்களில் ஒருத்தி வேடம். சிலுவையடியில் நின்று அழவேண்டும், ஆனால் மூக்குச் சிந்தக் கூடாது என்பது அண்ணாவியாரின் கட்டளை. அச்சுவேலிச் சந்தையில் வாங்கிய ஊதாத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று நான் அழுது பழகியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

யேசுவாக நடிப்பவர் சம்மாட்டியார். படகும் வலையும் சொந்தமாக வைத்துத் தொழில் நடத்துகிறவர் என்பதால் அந்தப் பெயர். நெடுத்த ஆள், தாடியும் சொந்தத் தாடி. என்னுடைய மாமியின் தமையன் அவர். ஆகவே அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு மச்சான் முறை. வலப்பக்கச் சிலுவையில், மனந்திரும்பி மோட்சம் பெறுகிற நல்ல கள்ளனாகத் தொங்குகிறவர் பாண் சுட்டு விற்கிற போறணைக்காரர். மோட்சத்துக்கு முதல் ரிக்கற் தன்னுடையதுதான் என்று வருடம் முழுவதும் பாண் வாங்க வருகிறவர்களிடம் பெருமை அடிப்பார். யேசுவைப் பழித்துக்கொண்டே சாகிற இடப்பக்கக் கள்ளனாக நடிக்கத்தான் ஆள் கிடைக்காது. அந்த வேடம் போட்டவனுடைய வலை அந்த வருடம் வெறுமையாகத்தான் ஏறும் என்று எங்கள் கரையில் ஒரு பயம். மாமா தானாகப் போய் அதைக் கேட்டு வாங்கினார். “அந்தச் சிலுவை எனக்கு அளவாயிருக்கும்” என்றார். எல்லாரும் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாமாவுக்கும் சம்மாட்டியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது கரைக்கே தெரியும். முன்பு ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் சம்மாட்டியார் தனியே கடலுக்குப் போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கைபேசியும் நனைந்து செத்துப்போயிற்று. தூரத்தில் மாமாவின் படகைக் கண்டு, உடுத்திருந்த சாரத்தைக் கழற்றித் துடுப்பில் கட்டித் தூக்கிக் காட்டியிருக்கிறார். மாமாவின் படகு திரும்பாமல் போய்விட்டது. அன்று மாமா படகு நிறைய மீனோடு கரைக்கு வந்தார். சம்மாட்டியார் அன்றிரவு முழுவதும் கடலில் மிதந்து, மறுநாள் வேறு கரைக்காரர் கட்டியிழுத்து வர, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறக் கிடந்தார். துணி காட்டியவனைக் கண்டும் திரும்பாமல் போவதைவிடப் பெரிய பாவம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. எதிரியாக இருந்தாலும் திரும்பத்தான் வேண்டும். கேட்டவர்களிடமெல்லாம் மாமா ஒரே மறுமொழிதான் சொன்னார்: “நான் காணேல்லை.” மாமியும் கேட்டார். அவருக்கும் அதே மறுமொழிதான்.

அதற்குப் பிறகு மாமா நன்மை எடுக்கவில்லை. பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது, அவர் மட்டும் வாங்கிலில் இருந்தபடி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாமி முழங்கையால் இடிப்பார். மாமா அசையமாட்டார். காணாதவருக்கு ஏன் இந்தப் பாடு என்று ஊர் யோசித்தது. வாய்விட்டுக் கேட்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

இன்னொரு வழக்கமும் எங்கள் கரையில் உண்டு. யேசு வேடம் போடுகிறவர் மனதில் பகை வைத்துக்கொண்டு சிலுவை ஏறக் கூடாது. பெரிய வியாழன் பின்னேரம் அவர் வீடு வீடாகப் போய், “ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ” என்று கேட்பார். மாமாவின் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவு என்பதால் நான் பார்த்திருக்கிறேன். மாமா தோய்த்த வேட்டி கட்டி, படலையை அகலத் திறந்துவிட்டு, வாசற்படியில் இருப்பார். சம்மாட்டியார் பக்கத்து வீட்டுக்கு வருவார். பிறகு எங்கள் படலையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பொழுதுபட்ட பிறகு மாமா எழும்பிப் படலையைச் சாத்துவார். நான் சொல்கிற அந்த வருடமும் இப்படித்தான் நடந்தது. அண்ணாவியாரும் தெரிந்தும் தெரியாதவர் மாதிரி விட்டுவிட்டார். அந்தத் தாடியோடு வேறொரு யேசுவை அவர் எங்கே தேடுவார்?

மறுநாள் மூவரையும் சிலுவையில் ஏற்றினார்கள். மைக் ஒன்றுதான்; அது யேசுவின் நெஞ்சுக்கு நேரே கட்டியிருந்தது. கள்ளர் இருவரும் சொந்தத் தொண்டையில் கத்தவேண்டியதுதான். முதலில் இடப்பக்கக் கள்ளன் யேசுவைப் பழிக்கவேண்டும். நான் மாமாவின் காலடியில் அழுதுகொண்டு நின்றேன். மாமா பேசவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த திரைக்குப் பின்னாலிருந்து அண்ணாவியார் அடியெடுத்துக் கொடுத்தார். மாமா பேசவில்லை. அண்ணாவியார் இன்னொருமுறை, இந்தமுறை கொஞ்சம் தூஷணமும் சேர்த்து, அடியெடுத்துக் கொடுத்தார். நான் அழ மறந்து அண்ணாந்து பார்த்தேன். மாமா தலையைத் திருப்பிச் சம்மாட்டியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான்” என்றார். “அண்டைக்கு நீ துணி காட்டினதை நான் கண்டனான்.”

சிலுவையடியில் நின்ற எங்களுக்கும், ஈட்டி பிடித்த சேவகர் இருவருக்கும்தான் அது கேட்டது. மணலில் இருந்த சனம், கள்ளன் வசனத்தை மறந்துவிட்டான் என்று சலசலத்தது. மாமா தொடர்ந்தார். “முன்னாலை மீன் நிண்டது. அதை விட மனம் வரேல்லை. மன்னிச்சுக்கொள்.”

சம்மாட்டியாரின் மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது. கரை முழுவதும் அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. முள்முடிக்குக் கீழே அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து, இறங்கி வந்து அடித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். கையிரண்டும் கட்டியிருந்தது நல்லது என்றும் நினைத்தேன். பிறகு, அதுவரை செந்தமிழ் தவிர வேறெதுவும் பேசியிராத யேசு, பூவரசு அதிர, ஊர் முழுவதும் கேட்க, எங்கள் கரைப் பேச்சில் சொன்னார்:

“எனக்குத் தெரியும் மச்சான். நீயும் வா.”

முதலில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. கூட்டத்தில் இருந்த மாமிக்கு மட்டும் விளங்கிவிட்டது. “ஐயோ என்ரை அண்ணை” என்று அவர் எழும்பினாரே, அந்தச் சத்தத்தில் மற்றவர்களுக்கும் விளங்கிற்று. சனம் அழுதது. நாங்கள் அழுதோம், அண்ணாவியாரின் கட்டளையை மீறி மூக்கும் சிந்தினோம். பாவம் போறணைக்காரர். பழித்தவனைக் கண்டிப்பதுதான் அவருடைய வசனம். பழிப்பே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு, படித்ததை விடக்கூடாதென்று, கண்ணீர் ஒழுகத் தொங்கிய மாமாவைப் பார்த்து, “பாவியே, சாகும் வேளையிலும் உன் நாக்கு அடங்காதோ” என்று வெளுத்து வாங்கினார். அழுதுகொண்டிருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்படியொரு பெரிய வெள்ளி என் சீவியத்தில் இன்னும் வரவில்லை.

ஊர் இரண்டு பட்டது. இடப்பக்கக் கள்ளனுக்கும் மோட்சம் கொடுத்தால் மறைக்கல்விப் பிள்ளைகள் என்ன படிக்கும் என்று அண்ணாவியார் பங்குக் குருவான சுவாமியிடம் முறையிட்டார். சுவாமி தாடையைத் தடவிக்கொண்டு, “அவன் கடைசியிலை என்ன ஆனான் எண்டு வேதத்திலை எழுதேல்லையே அண்ணாவியார்” என்றார். ஆண்டவர் சிலுவையில் எல்லாருடைய பாவத்துக்கும் பரிகாரம் செய்தார் என்று சின்ன வயதிலிருந்து ஒப்பித்து வந்தவள் நான். அந்தப் பரிகாரம் ஒரு மனிதனிடம் வந்து சேர்வதைக் கண்ணால் கண்டது அன்றுதான். உயிர்த்த ஞாயிறு காலை மாமா நன்மை எடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: “சுவாமியிட்டைச் சொன்னால் ஆண்டவர் பொறுப்பார், தெரியும் அக்கா. ஆனா துணி காட்டினவனிட்டைச் சொல்லாமல் நான் என்னெண்டு போய் நிக்கிறது?” அடுத்த வருடப் பெரிய வியாழன், சம்மாட்டியார் முதலில் வந்தது எங்கள் படலைக்குத்தான். மாமா மறுநாள் இடப்பக்கச் சிலுவையில் நின்று, அண்ணாவியாரே பயப்படுகிற அளவுக்கு யேசுவைப் பழித்தார்.

இந்த வருடமும் ஸ்பீக்கர் செருமியது, நானும் ஓடினேன். மாமாவுக்கும் சம்மாட்டியாருக்கும் முழங்கால் பேசுகிறது. இனி ஏணி ஏற முடியாது. முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். நான் பின்னால் மணலில் குந்தினேன். ஒரு பெடியன் யேசுவாக நின்றான், ஒட்டுத் தாடி. இடப்பக்கக் கள்ளன் பழிக்கத் தொடங்கியதும் சம்மாட்டியார் மாமாவை இடித்து, “உன்னளவுக்கு வராது” என்றார். மாமா சிரித்தார். பிறகு, இவ்வளவு காலமும் கேட்காததைக் கேட்டார்.

“மச்சான், அண்டைக்குத் தெரியும் எண்டு சொன்னியே. எப்ப தொட்டுத் தெரியும்?”

“துணி காட்டேக்கையே தெரியும்” என்றார் சம்மாட்டியார், சிலுவையிலிருந்து கண்ணை எடுக்காமல். “உன்ரை போட் ஒருக்கா வேகம் குறைஞ்சு, பிறகுதான் போனது.”

“அப்ப நான் கண்டதை ஏன் நீ ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?”

“நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

மாமா தலையைக் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். படலையைத் திறந்துவைத்து அவர் காத்திருந்த வியாழன்களில் எல்லாம், படலைக்கு வெளியேயும் ஒருவர் காத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். எனக்கு எழும்பி நின்று கத்தவேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். பூவரசில் ஸ்பீக்கர் கரகரத்தது. ஒட்டுத் தாடிப் பெடியன் வலப்பக்கம் திரும்பி, “இன்றே என் தந்தையின் வீட்டு வாசலை நீ என்னோடு கடப்பாய்” என்று நல்ல கள்ளனுக்கு வாக்குக் கொடுத்தான். முன்வரிசைக் கதிரையில் இருந்த மாமா, தன்னிடம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, “ஓம்” என்றார்.